ஒரு பீரோ மட்டும்

வண்டியைப் பார்க்க வந்தவர்
அண்ணாநகர்ப் பல் டாக்டர்.
பின்கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார்.
"எள்ளுப் புண்ணாக்கு" என்றேன்.
ஐந்து வருஷமாக மடித்து மடித்து
நிமிர மறந்துபோன பின்சீட்டு.
அதன் அடியில் கைவிட்டால்
இன்னமும் ஒரு பிடி பருத்திக்கொட்டை கிடைக்கும்.
ஏசியைப் போட்டால்
தவிட்டுத் தூசிதான் முதலில் வரும்.
இருபதாயிரம் குறைத்துக் கேட்டார்.
கழுவித் தருகிறேன், பத்து என்றேன்.

வாங்கும்போது உயரமாக இருந்தது அது.
ஏறி உட்கார்ந்தால்
உசிலம்பட்டிச் சந்தையில் எல்லோருடைய தலையும் தெரியும்.
அதில்தான் நான் ஓட்டப் பழகினேன்.
அதில்தான் ஆறு மூட்டைக்கு மேல் ஏறாமல்
செல்லம்பட்டிக்கு மூன்று நடை,
கருமாத்தூருக்கு இரண்டு.
டீசல் கணக்கைச் சிவப்பு மையில் வட்டமிட்டவர் காசிமாயன்.
வட்டத்தையே ஒரு மாதம்
பார்த்துக்கொண்டிருந்தவரும் அவரே.
விற்றுவிடலாம் என்றது நான்.

இது குட்டி யானை மாதிரி நிற்கிறது,
மஞ்சள் போர்டு, இரண்டே கதவு.
பின்னால் பார்க்கக் கேமரா கிடையாது.
காசிமாயன் இறங்கித் தகரத்தைத் தட்டி
"வா, வா, ஒடிச்சு வா" என்பார்.
எந்தப் பக்கம் ஒடிக்க என்று சொல்லமாட்டார்.
மூன்று பேர் உட்காரலாம்;
நாங்கள் நான்கு பேர்.
கவின் பைக்கில் வருகிறான், முகத்தைத் தூக்கிக்கொண்டு.
நடுவில் தர்ஷிகா;
மூன்றாவது கியருக்கு ஒருமுறை
முழங்காலை ஒதுக்கிக்கொள்வாள்.

முன்பெல்லாம்
"தேனி வரைக்கும்தான் மதினி, ஓரமா உக்காந்துக்கிறேன்"
என்றவர்கள்
இப்போது
"ஒரு பீரோ மட்டும் மதினி" என்கிறார்கள்.
இந்த ஊரில் இத்தனை பீரோக்கள்
இடம் மாறக் காத்துக் கிடந்தது
எனக்குத் தெரியாமல் போயிற்று.

போன வைகாசியில்
நாகமலைப் புதுக்கோட்டையில் ஒச்சப்பன் மகள் கல்யாணம்.
தார்ப்பாயை மடித்து, தொட்டியைக் கழுவி,
ஸ்டியரிங்குக்குச் சந்தனப் பொட்டும் வைத்துக் கிளம்பினோம்.
மண்டப வாசலில் விசில்.
"லோடெல்லாம் பின்னாடி, சமையக்கட்டுப் பக்கம்."
நான் பட்டுச்சேலையைக் காட்ட
ஜன்னலில் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.
அவர் காசிமாயனைப் பார்த்துக் கேட்டார்:
"டிரைவர் எங்க?"

பேசாமல் இருந்தார் காசிமாயன்.
ஜரிகைத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.
நான் ரிவர்ஸ் போட்டேன்.
யாரும் தட்டவில்லை. இடிக்கவுமில்லை.

பின்வாசல்.
வெங்காயத் தோல், ஈரத் தரை,
சாம்பார் அண்டாவோடு ஓடி வந்தவர்
"ஒதுங்கு ஒதுங்கு" என்றார்.
ஒதுங்கிய இடம் பந்தி வரிசையின் தலைமாடு.
தாலி கட்டி முடித்து
முன்வாசல் ஜனம் முண்டியடித்து வருவதற்குள்
எங்கள் இலையில் பாயசம் விழுந்துவிட்டது.
தர்ஷிகா இரண்டு முறை வாங்கினாள்.

கைகழுவி வந்தால்
வண்டிப் பக்கத்தில் சமையல்காரர் நிற்கிறார்.
"காலியாத்தான போறீக?
ரெண்டு அண்டாவும் ஒரு அடுப்பும்
செக்கானூரணில இறக்கணும்."
யாரைப் பார்த்துக் கேட்டார் என்று கவனித்தேன்.
என்னைத்தான்.
"நானூறு" என்றேன்.
முந்நூறு என்றார்.
சாவியைப் போட்டேன்.
"சரி சரி, ஏத்துங்க."

காசிமாயன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி
மேலே ஏறினார்.
கயிறு ஒரு சுற்றுக்குப் பற்றவில்லை.
ஜரிகைத் துண்டை ஒருமுறை பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
அண்டாக் காதில் முடிச்சுப் போட்டுவிட்டார்.

மொய் எழுதியது ஐநூற்றி ஒன்று.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
பின்னால் அண்டா இரண்டும் மோதிக்கொண்டன.
"கல்யாணம் நமக்கு நூத்தியோரு ரூவாதான்" என்றார்.
டீசலைச் சேர்க்கவில்லை அவர்.
நானும் சொல்லவில்லை.
"காலை ஒதுக்குடி" என்றேன்,
மூன்றாவது கியர்.